டிராம் வண்டியில் ஒரு மன்னிப்பு

நேயர்களுக்கு வணக்கம். 1927-இல் வெளிவந்த 'சன்ரைஸ்' என்ற மௌனப் படத்தைப் பற்றி இன்று பேசுகிறேன். ஜெர்மனியில் பேர் வாங்கிய இயக்குநர் முர்னாவ், ஃபாக்ஸ் நிறுவனத்தின் அழைப்பில் அமெரிக்கா போய் எடுத்த முதல் படம் இது.

கதை நாலு வரிதான். கிராமத்து விவசாயி ஒருவன் நகரத்துப் பெண்ணிடம் மயங்கி, கட்டிய மனைவியை ஏரியில் தள்ளிவிடத் துணிகிறான். படகில் எழுந்தும் நின்றுவிடுகிறான். அவள் கையெடுத்துக் கெஞ்சியதும் மனம் வரவில்லை. கரை தட்டியதும் அவள் தலைதெறிக்க ஓடி, அந்த வழியாக வந்த டிராமில் ஏறுகிறாள். பின்னாலேயே அவனும் தொற்றிக்கொள்கிறான்.

இந்த டிராம் பயணத்துக்காகவே படத்தை எத்தனை முறையும் பார்க்கலாம். குறுகிப்போய் அவள் நிற்கிறாள். நெருங்கவும் துணிவில்லாமல், விலகவும் முடியாமல் அவன். ஜன்னலுக்கு வெளியே ஏரி போகிறது, மரங்கள் போகின்றன, கட்டடங்கள் வருகின்றன, கடைசியில் நகரமே வந்துவிடுகிறது. உள்ளே இருவரும் அப்படியேதான். இந்தக் குற்றத்துக்கு உடனே மன்னிப்புக் கிடைத்தால் நாம் நம்புவோமா? மாட்டோம். அதற்கான நேரத்தை முர்னாவ், மௌனப் படத்தில் பேச்சை எழுத்தாகக் காட்டும் வசன அட்டைகளை நம்பாமல் ஓடும் வண்டியிலேயே தந்துவிடுகிறார்.

கேமராவை அவர் நடமாட விடும் விதமே தனி. காதலியைப் பார்க்க அவன் இரவில் சதுப்பு நிலத்தில் நடக்கும்போது கேமராவும் கூடவே போகிறது. அப்புறம் அவனை விட்டுவிட்டு, புதரை விலக்கிக்கொண்டு அவளிடம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவன் மனசு எப்போதோ அங்கே போய்விட்டதே! மேலே தண்டவாளம் கட்டி, அதில் கேமராவைத் தொங்கவிட்டு எடுத்தார்கள். முதல் ஆஸ்கர் விழாவில் ஒளிப்பதிவு விருது சார்லஸ் ரோஷருக்கும் கார்ல் ஸ்ட்ரஸுக்கும் போனது இந்தப் படத்துக்காகத்தான். மனைவியாக நடித்த ஜேனட் கேனருக்கும் சிறந்த நடிகை விருது. இதோடு வேறு இரண்டு படங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஒரு குறை உண்டு. அந்த நகரத்துப் பெண்ணை வெறும் மாயக்காரியாகவே காட்டிவிட்டார். அவளுக்கும் ஒரு மனசு இருந்திருக்கலாம்.

படத்தைத் தேடும்போது, 1927-இல் பிலிமிலேயே பதிந்து வந்த இசை உள்ள பிரதியாகப் பார்த்து எடுங்கள். ஊர் திரும்பும் வழியில் புயலில் படகு கவிழ்ந்து, இருட்டில் மனைவியைத் தேடி அவன் கத்துகிறான். அவன் குரலுக்குப் பதிலாக அங்கே ஒலிப்பது ஒரு கொம்பு வாத்தியம்.