இரண்டாவது கேள்வி

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். இதற்கெல்லாம் ஒரு கூட்டமா என்று பெரியவர்கள் சிரிக்கலாம். அவர்கள் காலத்தில் ரயில் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் எதிர் சீட்டுக்காரர் வீட்டுக் கல்யாண விவகாரம் வரைக்கும் வந்துவிடும். இப்போது வைகை எக்ஸ்பிரஸில் எழும்பூரிலிருந்து மதுரை வரை ஏழு மணி நேரம் தோளோடு தோள் உரச உட்கார்ந்து வருகிறோம். பேசுவது "கொஞ்சம் நகருங்க" மட்டும்தான்.

பேசப் பிடிக்காமல் இல்லை. 'தப்பா நினைச்சுக்குவாரோ' என்ற தயக்கம். நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் சிகாகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களைப் பிடித்தார்கள். சிலரைப் பக்கத்தில் இருப்பவருடன் பேசச் சொன்னார்கள், சிலரைப் பேசாமல் வரச் சொன்னார்கள். எது சுகமாக இருக்கும் என்று ஊகிக்கச் சொன்னபோது, தனியாக வருவதுதான் என்று பொதுவாக நினைத்தார்கள் வேறு சில பயணிகள். பயணம் நன்றாக இருந்தது என்று சொன்னவர்களோ பேசிக்கொண்டு வந்தவர்கள். 2014இல் வெளியான ஆய்வு. இதில் எனக்குப் பிடித்த விஷயம், 'நான் பேசத் தயார், அவருக்குத்தான் விருப்பம் இருக்காது' என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டிருந்ததுதான்.

சரி, வாயைத் திறந்துவிட்டோம். அப்புறம்? எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள். ரேஷன் கார்டு விண்ணப்பம் நிரப்புகிற மாதிரி வரிசையாகக் கேட்டுவிட்டு, காலியானதும் ஜன்னலைப் பார்க்கிறோம். முதல் கேள்வி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. பேச்சு பிழைப்பதும் சாவதும் இரண்டாவது கேள்வியில்.

ஒருவர், "நிலக்கோட்டைங்க, பூ வியாபாரம்" என்கிறார். "ஓ, அப்படியா" என்றால் கதை முடிந்தது. "மல்லிகை சாயங்காலம்தானே விரியும், எப்பண்ணே பறிப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இறங்குவது, வெயில் ஏறுவதற்குள் மொட்டாகவே சந்தைக்குக் கொண்டுவருவது, பனிக்காலத்தில் வரத்து சுருங்குவது, அந்த நேரம் பார்த்துத் தை முகூர்த்தம் வந்தால் விலை எகிறுவது, எல்லாம் வரும். இதற்குப் பூவைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம். அவர் சொன்னதிலேயே ஒரு நுனியைப் பிடித்தால் போதும். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017இல் கண்டதும் இதுதான். சொன்ன பதிலைத் தொட்டு அடுத்த கேள்வி கேட்கிறவரைத்தான் மக்களுக்கு அதிகம் பிடிக்கிறது.

கேட்டுக்கொண்டே இருந்தாலும் போலீஸ் விசாரணை ஆகிவிடும். நம் பங்குக்கும் ஒன்று போட வேண்டும். "எங்க மாடியில ஒரு மல்லிச் செடி இருக்குண்ணே, இலைதான் தழையுது, பூவைக் காணோம்." அவ்வளவுதான். "கவாத்து பண்ணீங்களா, கிளையை வெட்டி விட்டீங்களா?" என்று அவர் நம் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார். தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்க யாருக்குத்தான் கசக்கும்?

இன்னொரு வகை இரண்டாவது கேள்வியும் நம்மிடம் உண்டு. "அந்த ஊர்ல எந்தத் தெரு?", "குலதெய்வம் எது?" எதற்காகக் கேட்கிறோம் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பேச்சு சுகமாகப் போகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். எதிரில் இருப்பவர் உள்ளுக்குள் கதவைச் சாத்தியிருப்பார். சம்பளம், 'ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை', 'விசேஷம் ஏதும் உண்டா' எல்லாமும் இந்த ரகம்தான். அக்கறை என்று சொல்லிக்கொண்டு இவற்றைக் கேட்பவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை.

எதிரில் இருப்பவர் இரண்டு முறை ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் விட்டுவிடுங்கள். தனியாகப் பயணம் செய்யும் பெண்ணிடம் ஆண்கள் ஒரு முறையிலேயே புரிந்துகொள்ள வேண்டும். அவர் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

முடிக்கத் தெரியாமல்தான் பலர் ஆரம்பிக்கவே பயப்படுகிறார்கள். அதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். "சரிண்ணே, கொஞ்சம் கண் அசர்றேன், திண்டுக்கல் வந்தா எழுப்பி விடுங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எழுப்பியும் விடுவார்கள்.