முத்திரைக்குப் பின்னால் ஒரு நோட்டுப் புத்தகம்

நேயர்களுக்கு வணக்கம்.

'அங்ககச் சான்று பெற்றது', அதாவது ஆர்கானிக், என்று ஒரு பொட்டலத்தின் மேல் முத்திரை இருந்தால், அதற்குள் இருப்பதை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, பூச்சிமருந்து இல்லை என்று பார்த்த பிறகுதான் முத்திரை குத்தியிருப்பார்கள் என்று பலரும் நினைக்கிறோம். பண்ணைகளை ஆய்வு செய்யும் வேலைக்கு வருமுன் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அந்தச் சான்று, பொருள் விளைந்த விதத்துக்குத் தரப்படுகிறது.

ஏன் என்றால், சோதனைக் குழாய்க்கு எல்லாம் தெரியாது. மருந்தின் எச்சத்தை அது காட்டும். யூரியா போட்டு வளர்த்ததா என்று கேட்டால் அந்தச் சோதனையிடம் பதில் இல்லை. தெளித்து நாளானால் சில மருந்துகள் சிதைந்து மறைந்துவிடும். அதே நேரம், ஒரு சொட்டு மருந்தும் தொடாத விவசாயியின் பயிரில் பக்கத்து வயலின் சாரல் வந்து விழுந்திருக்கலாம். அதனால் சோதனையும் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பி யாரும் சான்று தருவதில்லை.

சரி, எங்கே தொடங்குகிறது? நிலத்தில்தான். விவசாயி விண்ணப்பிக்கிறார், என்ன பயிர், என்ன உரம், பூச்சி வந்தால் என்ன செய்வார் என்று ஒரு திட்டம் எழுதித் தருகிறார். அப்புறம் காத்திருப்பு. அமெரிக்க விதிப்படி, அறுவடைக்கு முந்தைய 36 மாதங்கள் அங்கக முறையில் தடை செய்யப்பட்ட உரமோ மருந்தோ எதுவும் அந்த மண்ணில் விழுந்திருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக, ஓராண்டுப் பயிர் என்றால் விதைப்புக்கு முன் 2 ஆண்டுகள், பல்லாண்டுப் பயிர் என்றால் முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள். இந்த மாற்றக் காலம்தான் ஆளை உருக்கிவிடுகிறது. விதிகளை எல்லாம் கடைப்பிடிக்க வேண்டும், பெரும்பாலும் விளைச்சல் குறையும், ஆனால் 'அங்ககம்' என்று சொல்லி விற்க முடியாது. நல்ல விவசாயிகள் பலர் இந்த இடத்தில் களைத்து விலகுவதைப் பார்த்திருக்கிறேன். அரசாகட்டும், வாங்கும் நிறுவனமாகட்டும், உதவி செய்ய நினைத்தால் இந்த ஆண்டுகளில்தான் கைகொடுக்க வேண்டும்.

பண்ணைக்குப் போனதும் நான் முதலில் கொட்டகைக்குள்தான் நுழைவேன். விதை மூட்டையில் கையை விடுவேன். விதைகள் ரோஸ் நிறத்தில் பளபளத்தால், ரசாயன விதை நேர்த்தி செய்ததாக, அதாவது மருந்து பூசியதாக இருக்கலாம், பில்லைக் கேட்பேன். சுவரில் தொங்கும் தெளிப்பான் யாருடையது, இரவல் போகிறதா என்று கேட்பேன். பிறகு வரப்பு நெடுக நடப்பேன், பக்கத்து வயலுக்கும் இதற்கும் போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க. கடைசியில் உட்கார்ந்து கணக்கு. விளைந்தது 4 டன் என்று குறிப்பு சொல்கிறது, விற்ற ரசீதுகளைக் கூட்டினால் 6 டன் வருகிறது என்றால், அந்த 2 டன் எங்கிருந்து வந்தது?

ஒரு பெண் விவசாயியின் நோட்டு இன்னும் என் மனதில் இருக்கிறது. மழையில் நனைந்து உப்பிய பக்கங்கள். ஒரு தேதியின் கீழ் எழுதியிருந்தார்: 'பக்கத்தில் மருந்து அடித்தார்கள். காற்று இந்தப் பக்கம். ஓரத்து 4 வரிசையைத் தனியாக அறுக்க வேண்டும்.' அந்த 4 வரிசையும் சாதாரண விலைக்குத்தான் போயிருந்தது, ரசீதை அதே பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். அவர் எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரியவே வந்திருக்காது. அந்த ஒரு பக்கத்துக்குப் பிறகு மற்றப் பக்கங்களை நான் வேறு கண்ணோடு படித்தேன்.

ஆய்வு செய்கிற நான் சான்று தருவதில்லை. கண்டதை எழுதிக் கொடுப்பேன், முடிவெடுப்பது சான்றளிக்கும் நிறுவனத்தில் வேறொருவர். ஆண்டுதோறும் இதே ஆய்வு மறுபடியும் நடக்கும். பண்ணையைத் தாண்டி ஆலை, பொட்டலம் கட்டும் இடம் என்று சங்கிலி நெடுகவும் சான்று வேண்டும். ஓர் இடத்தில் கலந்துவிட்டால் எல்லாம் போயிற்று. பல பொருள்கள் சேர்ந்த தயாரிப்பு என்றால், அமெரிக்காவில் தண்ணீரும் உப்பும் நீங்கலாக 95 சதவீதமாவது அங்ககமாக இருந்தால்தான் முத்திரை.

இத்தனைக்கும் செலவு இருக்கிறது, சிறு விவசாயி தனியாகத் தாங்க மாட்டார். அதற்காகத்தான் குழுச் சான்று வந்தது. உறுப்பினர்களைக் குழுவே முதலில் சோதிக்கும், வெளி ஆய்வாளர் அதில் சிலரைத் தேர்ந்து சரிபார்ப்பார். இன்னொரு வழி பங்கேற்பு உத்தரவாத முறை. விவசாயிகள் ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்ப்பார்கள், சில இடங்களில் வாங்குபவர்களும் கூடப் போவார்கள். 1972இல் தொடங்கிய, இஃபோம் எனப்படும் அங்கக வேளாண் இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு இதை ஆதரிக்கிறது. ஏற்றுமதிக்கு இது பொதுவாகச் செல்லாது, உள்ளூர் சந்தைக்குத்தான். ஆனாலும், பக்கத்து வயல்காரரின் கண்ணுக்குத் தப்புவது லேசல்ல என்பதால் எனக்கு இதில் மதிப்பு அதிகம்.

அடுத்த முறை முத்திரையைப் பார்த்தால், அதோடு சான்றளித்த நிறுவனத்தின் பெயரோ குறியீட்டு எண்ணோ இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அதை வைத்து அந்த நிறுவனத்திடம் நீங்களே கேட்டுச் சரிபார்க்கலாம். நன்றி, வணக்கம்.