பறக்கும் தட்டும் விமானப்படையின் கேள்விப் படிவமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பறக்கும் தட்டு உண்டா, இல்லையா என்ற வழக்கை இன்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வானில் புரியாத ஒன்றைக் கண்டதாக முறையிட்ட பொதுமக்களிடம் அமெரிக்க விமானப்படை எவ்வாறு நடந்துகொண்டது என்பதே என் பேச்சின் பொருள்.

1952 முதல் 1969 வரை ஓஹையோ மாநிலத்து ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில் 'புளூ புக்' என்ற சிறிய பிரிவு இயங்கியது. வந்த முறையீடுகளைப் பதிவுசெய்து விளக்கம் தேடுவது அதன் வேலை. ஆலன் ஹைனெக் என்ற வானியல் பேராசிரியர் அதன் ஆலோசகர்.

அந்தப் பிரிவு சாட்சிகளுக்கு அனுப்பிய கேள்விப் படிவத்தை நான் மெச்சவே செய்கிறேன். பார்த்த பொருள் எத்தனை அடி நீளம் என்று கேட்டால், தொலைவு தெரியாத நிலையில் எவராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஆகவே, கையை முழுவதும் நீட்டிப் பிடித்த குண்டூசித் தலை, பட்டாணி, நாணயம், கூடைப்பந்து போன்றவற்றில் எதன் அளவுக்கு அது தெரிந்தது என்று படிவம் கேட்டது. அவ்வாறு பிடித்த ஒரு பட்டாணியே முழுநிலவை மறைத்துவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தக் கேள்வியின் கூர்மை விளங்கும்.

கேட்ட கேள்வி நுட்பமானது. கிடைத்த விடையைக் கையாண்ட விதந்தான் வேறு. 1953 ஜனவரியில் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. கூட்டிய ராபர்ட்சன் குழு என்ற அறிவியலாளர் குழு, இப்பொருள்களால் நாட்டுக்கு நேரடி ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை என்றும், வந்து குவியும் முறையீடுகளால் தகவல் தொடர்பு வழிகள் அடைபடுவதே ஆபத்து என்றும் கருதி, மக்களின் ஆர்வத்தைத் தணிக்கப் பரிந்துரைத்தது. அடுத்து வந்த விமானப்படை விதி 200-2, இன்னதென்று உறுதியாக அடையாளம் காணப்பட்டவற்றை மட்டுமே செய்தியாளர்களிடம் விளக்க அனுமதித்தது. விளங்காதவை கோப்புக்குள் தங்கிவிட, விளங்கியவை மட்டும் வெளியே வந்தால், ஊரார் என்ன நினைப்பார்கள்?

1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் அதற்கு விடை கிடைத்தது. டெக்ஸ்டர் அருகே ஒரு பண்ணைக் குடும்பமும், மறுநாள் இரவு ஹில்ஸ்டேல் கல்லூரி விடுதி மாணவியர் பலரும் சதுப்பு நிலத்தின் மேல் ஒளிகளைக் கண்டதாகக் கூறினர். சில நாள்களிலேயே டெட்ராய்ட்டில் செய்தியாளர்களைச் சந்தித்த ஹைனெக், அழுகும் தாவரங்களிலிருந்து எழும் சதுப்பு வாயு காரணமாக இருக்கலாம் என்றார். அந்த 'இருக்கலாம்' நாளேடுகளில் காணாமற்போயிற்று. அவர் சொன்னது அந்த இரு நிகழ்வுகளைப் பற்றி மட்டுமே. நாடோ, கண்டவர் அனைவரையும் ஏளனம் செய்ததாக எடுத்துக்கொண்டது. அம்மாநிலப் பிரதிநிதியும் பின்னாளில் அதிபரானவருமான ஜெரால்ட் ஃபோர்டு நாடாளுமன்ற விசாரணை கோரினார். ஏப்ரலில் அது நடந்தது. அவ்வாண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எட்வர்ட் கான்டன் தலைமையில் தனி ஆய்வு தொடங்கிற்று. மேலும் ஆராய்வதால் அறிவியலுக்குப் பயன் விளையாது என்று அது கூறவே, 1969 டிசம்பரில் புளூ புக் மூடப்பட்டது.

பதிவான 12,618 முறையீடுகளில் 701 விளக்கமின்றி நின்றன. எதுவும் நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்தல்ல என்று விமானப்படை அறிவித்தது. படைக்கு அது போதுமான விடை. 'நான் கண்டது என்ன?' என்று கேட்டவருக்கு அது விடையே அன்று. இனி எவரேனும் எதையேனும் கண்டால் பல்கலைக்கழகங்களையோ, ஆபத்தென்று அஞ்சினால் உள்ளூர்க் காவல்துறையையோ அணுகலாம் என்று விமானப்படை தன் விளக்கக் குறிப்பில் எழுதி வைத்தது.