மெட்டைத் தேறவைத்தது ஆட்டம்தான்

(தலைப்பு: கோஜி கோண்டோவின் மெட்டுகள் நிலைத்து நிற்பது இசையாலா, விளையாட்டாலா? ‘விளையாட்டால்தான்’ அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கைப்பேசியில் ஒரு ஆட்டத்தை ஓடவிட்டுக்கொண்டே என் பேச்சையும் கேட்கப்போகிற பின்வரிசைத் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்!

முன்னால் பேசிய நண்பர், வீடியோ கேம் இசையமைப்பாளர் கோண்டோவின் வரலாற்றை அடுக்கினார். 1961இல் நாகோயாவில் பிறந்தார், சிறுவயதிலேயே எலக்ட்ரிக் ஆர்கன் பழகினார், ஒசாகா கலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார், 1984இல் ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவில் சேர்ந்தார். எல்லாம் சரி. மாரியோ மெட்டு பிறந்த கதை வந்ததும் மட்டும் மனிதர் நைசாக நழுவிவிட்டார்!

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்துக்கு கோண்டோ முதலில் போட்ட மெட்டு கொஞ்சம் சோம்பலானது, நிதானமானது. மாரியோ வெட்டவெளியில் சும்மா ஓடிக்கொண்டிருந்த ஆரம்பகட்ட மாதிரியைப் பார்த்துப் போட்டது. ஆட்டம் வளர வளர, அந்த ஓட்டத்துக்கும் தாவலுக்கும் அது ஒட்டவில்லை. வேகத்தைக் கூட்டினார், மெட்டையும் மாற்றினார். நடுவர் அவர்களே, முதல் மெட்டைப் போட்டவரும் இதே கோண்டோதானே? திறமை மட்டும் போதுமென்றால் அது ஏன் தேறவில்லை?

இன்னும் கிட்டப் போய்ப் பார்ப்போம். அந்த ஆட்டம் ஓடிய நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கருவியில் ஒலிக்கு மொத்தம் ஐந்தே தடங்கள். பாட்டும் அதிலேதான், சத்தமும் அதிலேதான். மாரியோ எம்பிக் குதித்தால், அந்தக் குதி சத்தம் பாட்டின் ஒரு தடத்தைக் கணநேரம் பறித்துக்கொள்ளும். ஒரு இழை அறுந்து மறுபடி சேரும். பத்துப் பேர் ஆடினால் பத்து விதமாகக் கேட்கும். நேரம் நூறுக்குக் கீழே இறங்கினால் பாட்டே தலைதெறிக்க ஓடும். 1990இல் வந்த சூப்பர் மாரியோ வேர்ல்டில் யோஷி என்ற டைனோசரின் முதுகில் ஏறினால் பாங்கோ தாளம் சேர்ந்துகொள்ளும், இறங்கினால் நின்றுவிடும். அங்கே தாளக்காரர் யார்? ஆடுகிற பிள்ளைதான்!

“செல்டா ஆட்டத்தின் முகப்பு இசையை ஒரே நாளில் போட்டாரே, அது மேதைமை இல்லையா?” என்று முழங்கினார் நண்பர். நடந்தது என்ன? முகப்புக்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேலின் பொலேரோ என்ற இசையை வைப்பதாகத் திட்டம். பதிப்புரிமை இன்னும் முடியவில்லை என்று கடைசி நேரத்தில் தெரிந்தது. கோண்டோ அப்போது வெறுங்கையோடு உட்காரவில்லை ஐயா. வீரன் திறந்தவெளியில் நடக்கும்போது வரும் மெட்டு ஏற்கெனவே இருந்தது. அதையே முகப்புக்கு ஏற்ப மாற்றி அமைத்தார். ஆபத்துக்கு உதவியது ஆட்டத்துக்காகப் பிறந்த மெட்டு!

அடுத்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகம். அதன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2023இல் மாரியோ மெட்டு ஏறியது, வீடியோ கேம் இசையில் அதுதான் முதல். ஏறியது எது? நூறு வயலின்கள் வாசித்த பதிப்பா? 1985இன் அதே ‘டிங் டிங்’ ஒலி!

செல்டா வரிசையில் 1998இல் வந்த ஆக்கரினா ஆஃப் டைம் ஆட்டத்தில் குழல் ஊத ஐந்து பொத்தான்கள், ஐந்தே ஸ்வரங்கள். அதற்குள்தான் கோண்டோ பாட்டுப் போட்டாக வேண்டும். கற்பனை அவருடையது, மறுக்கவில்லை. இல்லாவிட்டால் நானே போட்டிருப்பேனே! ஆனால் அந்தக் கற்பனைக்கு அளவெடுத்துக் கொடுத்தது பொத்தான்.

இனி எதிரணித் தலைவருக்கு ஒரு கேள்வி. அதே ஆட்டத்தில் ஹைரூல் என்ற கற்பனை நாட்டுச் சமவெளியில் வரும் இசையைச் சிறு துண்டுகளாகச் செய்தார் கோண்டோ. வீரன் ஓடும்போது துண்டுகள் கலைந்து கலைந்து வரும், நின்றால் இசை தணியும், எதிரி நெருங்கினால் சூடேறும். கச்சேரி மேடையில் இசை தனியே நிற்கிறது என்கிறீர்களே, அங்கே இதில் எதை வாசிப்பீர்கள்? வீரன் ஓடுவதையா, நிற்பதையா, எதிரி வருவதையா? எதை எடுத்தாலும் அந்த வீரன் அப்போது என்ன செய்கிறான் என்று முதலில் முடிவுசெய்தாக வேண்டுமே! தலைவர் எழுந்து பதில் சொல்லட்டும்.