அழுகும் சரக்கைச் சுங்கத்துறை நிறுத்தி வைத்தால் என்ன செய்வது? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, வெளிநாட்டிலிருந்து பழங்களை இறக்குமதி செய்யும் அன்பர் ஒருவருடையது. அவருடைய சரக்கு ரீஃபர் கன்டெய்னரில் (குளிரூட்டப்பட்ட சரக்குப் பெட்டகம்) துறைமுகத்துக்கு வந்து சேர்ந்து, பில் ஆஃப் என்ட்ரியும் (இறக்குமதிச் சரக்கின் விவரங்களைச் சுங்கத்துறைக்குத் தரும் படிவம்) தாக்கல் செய்தாகிவிட்டது. ஆனால் காட்டியிருக்கும் விலை குறைவு என்ற சந்தேகத்தில் சுங்கத்துறை சரக்கை நிறுத்தி வைத்திருக்கிறது. எழுத்தில் எந்த உத்தரவும் தரவில்லை. "வழக்கு முடிவதற்குள் பழம் அழுகிவிடும். நேரே உயர் நீதிமன்றம் போகலாமா? டெமரேஜ் (சரக்கு தேங்கிக் கிடப்பதற்கான கட்டணம்) யார் தலையில் விழும்? பழம் வீணானால் அரசு நஷ்டஈடு தருமா?" என்று கேட்டிருக்கிறார்.

இத்தகைய வழக்குகளில் இறக்குமதியாளர்கள் பெரும்பாலும், "என் மீது தவறில்லை, அதை நிரூபித்துவிடுகிறேன்" என்றே ஆரம்பிக்கிறார்கள். தவறில்லை என்று நிரூபிக்கப் பல மாதங்கள் ஆகும். பழத்துக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. ஆகவே முதல் வேலை, சரக்கையும் தகராறையும் பிரிப்பதுதான். சரக்கு வெளியே வந்து விற்றுக் காசாகட்டும், தகராறு அந்தக் காசின் மீதோ அல்லது நீங்கள் கொடுக்கும் உத்தரவாதத்தின் மீதோ நடக்கட்டும் என்ற நிலைக்கு விஷயத்தைக் கொண்டுவர வேண்டும். 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்திலேயே அதற்கு வழிகள் இருக்கின்றன.

அன்பரின் பிரச்சினை விலை பற்றியது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் 12-ஆம் விதி, நீங்கள் காட்டிய விலையைச் சந்தேகிக்க அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. அதே விதி, நீங்கள் கேட்டால் சந்தேகத்துக்கான காரணங்களை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எனவே இன்றே ஒரு கடிதம் கொடுங்கள். சரக்கு வந்த தேதி, பில் ஆஃப் என்ட்ரி எண், பழத்தின் தன்மை, அது எந்த வெப்பநிலையில் எத்தனை நாள் தாங்கும் என்ற விவரம், 12-ஆம் விதிப்படி காரணங்களைத் தருமாறு வேண்டுகோள், சுங்கச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி தற்காலிக மதிப்பீடு செய்து பாண்டும் (பின்னால் வரும் வரியைக் கட்டுவதாக எழுதித் தரும் உறுதிப் பத்திரம்) பிணையும் பெற்றுக்கொண்டு சரக்கை விடுவிக்குமாறு வேண்டுகோள் ஆகிய அனைத்தும் அந்த ஒரே கடிதத்தில் இருக்கட்டும். கடிதம் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். பின்னால் நீதிமன்றம் போகும்போது உங்கள் மனுவின் உயிரே அந்த முத்திரையிட்ட நகல்தான்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. "கூட்டிய விலையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுங்கள், சரக்கு நாளைக்கே வெளியே வந்துவிடும்" என்று உங்கள் சுங்க வேலைகளைக் கவனிக்கும் ஏஜென்ட் சொல்வார். அவர் சொல்வதில் கெட்ட எண்ணம் ஏதும் இருக்காது. ஆனால் 17-ஆம் பிரிவின்படி, மறுமதிப்பீட்டை நீங்கள் எழுத்தில் ஏற்காதபோதுதான், காரணங்களுடன் கூடிய உத்தரவை 15 நாட்களுக்குள் பிறப்பிக்கும் கடமை அதிகாரிக்கு வருகிறது. நிபந்தனையில்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டால் அந்த உத்தரவும் கிடைக்காது. பிறகு மேல்முறையீட்டில் "நீரே ஒப்புக்கொண்டீரே" என்ற ஒரு வரியில் உங்களை மடக்கிவிடுவார்கள். சரக்கை எடுத்தே ஆக வேண்டிய நெருக்கடி என்றால், கூடுதல் தீர்வையை (சுங்க வரியை) ஆட்சேபத்துடன் கட்டுவதாகத் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள்.

விஷயம் சந்தேகத்தோடு நிற்காமல் 110-ஆம் பிரிவின் கீழ்க் கைப்பற்றுதல் வரை போய்விட்டால், 110ஏ பிரிவின்படி தற்காலிக விடுவிப்புக் கேட்கலாம். இங்கே தகராறு வருவது பெரும்பாலும் நிபந்தனையில்தான். சரக்கின் மதிப்பையே தாண்டும் அளவுக்கு வங்கி உத்தரவாதம் கேட்டால், விடுவிப்பு உத்தரவு காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். அதை எதிர்த்து வாதாடும்போது, தீர்வை வித்தியாசம் எவ்வளவு, அதைக் காக்க எவ்வளவு பிணை போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். விடுவிப்பே சாத்தியமில்லை என்றால், சரக்கை விற்று அந்தப் பணத்தை வைத்திருக்கும்படி கேட்கலாம். எளிதில் கெடும் தன்மையுள்ள பொருட்களை, அரசு அறிவிக்கையில் குறிப்பிட்டிருந்தால், இறுதி முடிவுக்குக் காத்திராமல் அப்புறப்படுத்த 110-ஆம் பிரிவே வழி செய்கிறது. 150-ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து ஏலத்திலோ டெண்டரிலோ விற்க வேண்டும். உரிமையாளர் சம்மதித்தால் வேறு முறையிலும் விற்கலாம். அழுகும் பொருளுக்கு நல்ல விலை கிடைப்பது பெரும்பாலும் அந்தச் சம்மத விற்பனையில்தான். வாங்கும் ஆளை நீங்களே காட்ட முடியும்.

இப்போது உயர் நீதிமன்றம் பற்றி. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு (அரசு அதிகாரிக்கு உத்தரவிடக் கோரும் மனு) போடலாம். மேல்முறையீட்டு வழி இருக்கிறதே என்று அரசுத் தரப்பு ஆட்சேபிக்கும். எழுத்தில் உத்தரவே இல்லாதபோது எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது என்பதுதான் உங்கள் பதில். சரக்கு கெடும் என்பதற்கு ஆதாரத்துடன் அவசர வழக்காக எடுக்கக் கோரலாம். "சரக்கை விடுவிக்க வேண்டும்" என்ற கோரிக்கையோடு நிறுத்திவிடாமல், அது இயலாவிட்டால் சுங்கத்துறைக்கு நீங்கள் கொடுத்த கடிதத்தின் மீது இன்ன தேதிக்குள் முடிவெடுக்க வேண்டும், அதுவும் இயலாவிட்டால் விற்றுப் பணத்தை டெபாசிட் செய்ய வேண்டும் என்று படிப்படியாகக் கேளுங்கள்.

அதே சமயம், அழுகும் சரக்கு என்ற ஒரே காரணம் எல்லாக் கதவையும் திறந்துவிடாது. விலைத் தகராறு வேறு, இறக்குமதித் தடை வேறு. அளவுக் கட்டுப்பாட்டை மீறி, உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவை வைத்துக்கொண்டு இறக்குமதி செய்யப்பட்ட பட்டாணி, பயறு வகைகள் தொடர்பான ராஜ் குரோ இம்பெக்ஸ் வழக்கில், அவை தடை செய்யப்பட்ட பொருட்களே என்றும் முழுமையாகப் பறிமுதல் செய்யத்தக்கவை என்றும் உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையமோ தாவரத் தொற்றுத் தடுப்பு அதிகாரிகளோ நிறுத்தியிருந்தாலும் சுங்க அதிகாரியோடு வாதாடிப் பயனில்லை; அங்கே பரிசோதனை முடிவை எதிர்த்து மறுபரிசோதனை கேட்பதுதான் வழி. ஏழு நாட்களுக்கும் குறைவாகவே தாங்கும் உணவுப் பொருளுக்கு, ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் தற்காலிகத் தடையில்லாச் சான்று தர உணவு இறக்குமதி விதிமுறைகளில் இடமிருக்கிறது.

டெமரேஜ் விஷயத்தில் உங்களுக்கு முழு ஆறுதல் சொல்ல முடியாது. சுங்க அதிகாரி கைப்பற்றிய அல்லது நிறுத்தி வைத்த சரக்குக்குக் கிடங்கு வாடகையோ டெமரேஜோ வாங்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் சரக்குக் கையாளும் விதிமுறைகள் சொல்கின்றன. ஆனால் அந்த வரியிலேயே "நடைமுறையில் உள்ள வேறு சட்டங்களுக்கு உட்பட்டு" என்ற சொற்களும் இருக்கின்றன. போதாக்குறைக்கு, சுங்கத்துறை தடுப்புச் சான்றிதழ் (சரக்கைத் தாங்கள்தான் நிறுத்தி வைத்தோம் என்று தரும் சான்று) கொடுத்தாலும் சரக்கைக் காத்தவருக்குக் கட்டணம் உண்டு என்று கிராண்ட் ஸ்லாம் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கன்டெய்னருக்காகக் கப்பல் நிறுவனம் கேட்கும் தொகை தனிக் கணக்கு. எனவே தடுப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்; தள்ளுபடிக் கோரிக்கையைத் துறைமுகத்துக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள்; ரிட் மனுவில் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக நஷ்டஈடு. நல்லெண்ணத்தில் செய்த செயலுக்காக அரசின் மீதோ அதிகாரி மீதோ வழக்குப் போட முடியாதபடி சுங்கச் சட்டத்தின் 155-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஒரு மாத முன்னறிவிப்பு, மூன்று மாதக் காலவரம்பு என்ற கட்டுப்பாடுகளும் அதில் உண்டு. ஆனால் சட்டப்படி கைப்பற்றிய பொருளையும் நியாயமான கவனத்தோடு காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று குஜராத் அரசுக்கும் மேமன் மஹமத் என்பவருக்கும் இடையிலான வழக்கில், சுங்க அதிகாரிகள் கைப்பற்றிய வாகனங்கள் தொடர்பாக, உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்திருக்கிறது. காலதாமதத்தால் வரும் சேதத்தைச் சரக்குக் காப்பீடும் வழக்கமாக ஏற்பதில்லை என்பதால், இந்தத் தீர்ப்பின் பக்கமே நீங்கள் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு, சரக்கு வந்திறங்கியபோது நன்றாக இருந்தது என்பதையும், எந்தத் தேதிக்குப் பிறகு கெட்டது என்பதையும் காட்ட வேண்டும். கன்டெய்னரின் வெப்பநிலைப் பதிவைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரியின் முன்னிலையில் சர்வேயரை வைத்துப் பெட்டிகளைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி மறுத்தால், மறுத்ததையும் அன்றைக்கே எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.