குறைக்க முடிந்த ஒரே செலவு

அவையோருக்கு வணக்கம்.

நகரத்தில் ஏழையாக இருப்பது தனிக் கஷ்டம். ஒரு பிடி தானியம்கூடக் காசில்லாமல் கைக்கு வராது. வாடகை தவறினால் சாமான் தெருவுக்கு வந்துவிடும். பஸ் காசு இல்லையென்றால் வேலைக்குப் போக முடியாது. கைவைக்க மிச்சமிருப்பது சாப்பாட்டுச் செலவு ஒன்றுதான். அதிலும் முதலில் தன் வேளையைக் குறைத்துக்கொள்பவள் தாய். 2008-இல் உணவு விலை ஏறியபோது கரீபியன் நாடான ஹெய்ட்டியின் தலைநகரில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். பிரதமரே பதவி இழந்தார்.

ஆகவே, உணவு உதவி அமைப்பு ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரச் சாப்பாடு கொடுத்தால், அந்த வாரச் சாப்பாட்டுக் காசு வாடகைக்கோ மருந்துக்கோ மிஞ்சுகிறது. வட்டிக்கு வாங்க வேண்டிய ஒரு கடன் தவிர்கிறது. பசி தீர்ப்பதோடு நின்றுவிடாத உதவி இது.

மிஞ்சும் உணவைச் சேகரித்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் உணவு வங்கி என்ற ஏற்பாடு 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கியது. தொடங்கியவர் ஜான் வான் ஹெங்கல். கடைகள் தூக்கியெறிந்ததைப் பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய் சொன்ன யோசனை அது என்பார்கள். பொருளுக்கு இன்றும் பஞ்சமில்லை. 2022-இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. பெரிய கடைகள் விற்காத உணவை அழிக்கக் கூடாது என்று பிரான்ஸ் 2016-இல் சட்டமே போட்டது. ஆனால் அந்த உணவைக் கெடுவதற்குள் கொண்டுசேர்க்க வண்டியும் குளிர்சாதன அறையும் ஆளும் வேண்டும். நன்கொடை கேட்கும்போது இவற்றுக்கும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஆனால் என் கவலை உதவி பெறுகிறவரைப் பற்றியது. அடுப்பில்லாத அறையில் ஐந்து பேரோடு தங்கியிருப்பவரிடம் தானிய மூட்டையைக் கொடுத்து என்ன பயன்? அவருக்குச் சமைத்த சாப்பாடு வேண்டும். முகவரிச் சான்று கேட்டால் நடைபாதையில் படுப்பவர் திரும்பிப் போவார். வேலை நேரத்தில் மட்டும் கதவு திறந்திருந்தால், தினக்கூலிக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும். பையைக் கையில் திணிப்பதைவிட, அலமாரியில் அடுக்கிவைத்து வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்வதே மரியாதை. எடுத்ததும் வீணாகாது.

கூலி உயராமல், வாடகை அடங்காமல் இந்த வரிசை கலையாது. உணவு அமைப்புகளே அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். யார் எதற்காக வந்து நிற்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் நாள்தோறும் தெரிகிறது.

உங்கள் பகுதியில் இப்படி ஓர் அமைப்பு இருந்தால், மாலையில் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆளில்லை என்றால், வாரத்தில் ஒரு மாலை நீங்கள் போய் நில்லுங்கள்.