இரட்சிப்புக்குச் சிபிஎஃப் கணக்கு கிடையாது

(பல சபைகளைச் சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிங்கப்பூரில் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போதகர் ஐயாமார்களே, பங்குத்தந்தை அவர்களே, அக்கா அண்ணன்மார்களே! ஸ்தோத்திரம் சொல்பவர்களுக்கு ஸ்தோத்திரம், வணக்கம் சொல்பவர்களுக்கு வணக்கம்.

'விசுவாசமா, கிரியையா?' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இரட்சிப்பு நம்பிக்கையால் வருகிறதா, நாம் செய்யும் நற்செயலால் வருகிறதா என்பது கேள்வி. பட்டிமன்றத் தலைப்பேதான். நடுவர் கடைசியில் "இரண்டும் வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்லி, கைதட்டல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்காது. இரண்டையும் தராசின் இரண்டு தட்டில் வைத்த உடனேயே விஷயம் கெட்டுப்போகிறது.

நம்மில் பலருக்கு வாயில் கிருபை, அதாவது ஆண்டவர் இனாமாகத் தரும் தயவு; மனதில் சிபிஎஃப், அதாவது இந்த ஊரின் கட்டாயச் சேமநிதி. 55 வயது வரைக்கும் நம் சம்பளத்தில் 20 விழுக்காடு நாம் போடுகிறோம், முதலாளி 17 விழுக்காடு போடுகிறார். இரட்சிப்பும் அப்படித்தான் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்கிறோம். ஜெபம், உபவாசம், தசமபாகம், ஞாயிறு ஆராதனை எல்லாம் என் பங்கு. மீதியை ஆண்டவர் நிரப்பிவிடுவார். கொஞ்சம் தாழ்மையுள்ளவர் "என் பங்கு வெறும் 1 விழுக்காடுதான்" என்பார். 1 என்றாலும் அது கணக்குதானே? அந்த 1 இல்லாதவனைப் பார்த்து முகம் சுளிக்க அதுவே போதும். அப்போஸ்தலன் பவுல் அதையும் விட்டுவைக்கவில்லை. எபேசியர் 2-ஆம் அதிகாரத்தில் கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்று எழுதிவிட்டு, "இது தேவனுடைய ஈவு" என்கிறார். ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல என்று காரணமும் சொல்கிறார்.

இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது கசப்பு மருந்து. தொடக்கப்பள்ளியிலிருந்தே மதிப்பெண் வாங்கி வாங்கிப் பழகிவிட்டோம். இனாமாக ஒன்றை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

சகேயுவைப் பாருங்கள். எரிகோவில் வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குத் தலைவன், பணக்காரன், குள்ளன். காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இயேசு நிமிர்ந்து பார்த்து, "சகேயுவே, நீ சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். அந்த நேரத்தில் சகேயு செய்திருந்த நற்கிரியை என்ன? மரம் ஏறியதுதான்! சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப என்று அவன் வாய் திறந்தது அதற்கப்புறம். உடனே ஒருவர் மடக்குவார்: "வாக்குக் கொடுத்த பிறகுதானே 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்றார்?" சரிதான். ஆனால் அந்த வாக்கைக் கொடுக்கும்போது அவன் யாருக்கு எதிரில் நிற்கிறான்? அழைக்காமலே விருந்தாளியாக வந்தவருக்கு எதிரில்.

அப்புறம், யாக்கோபு. "கிரியையில்லாத விசுவாசம் செத்தது" என்று எழுதியவர். புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1522-இல் எழுதிய முன்னுரையில் இந்த நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றே சொல்லிவிட்டார். கொஞ்சம் அவசரம் என்பது என் எண்ணம். பவுலும் யாக்கோபும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள், வேறு வேறு நாட்களில். பவுல் கூப்பிடுவது ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்து ஆபிரகாமை. நட்சத்திரங்களைப் பார்த்து, சொன்னதை நம்பினார், அது நீதியாக எண்ணப்பட்டது. உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம் அவருடைய 99-ஆவது வயதில்தான் வருகிறது. 86-ஆவது வயதில் இஸ்மவேல் பிறப்பதற்கும் முந்தியது இந்த நம்பிக்கை. ஆக, குறைந்தது 13 ஆண்டு இடைவெளி. அடையாளம் பிந்தி வந்தது, ஏற்றுக்கொள்ளுதல் முந்தி வந்தது என்பதுதான் பவுலின் வாதம். யாக்கோபு 22-ஆம் அதிகாரத்துக்குப் போகிறார், ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய நாளுக்கு. அன்றைக்கு நம்பியது பொய்யில்லை என்று இன்றைக்குத் தெரிந்தது என்கிறார்.

அவர் எழுதிய சபை எப்படிப்பட்டது? பொன்மோதிரம் போட்டவர் வந்தால் நல்ல இருக்கை, கந்தையோடு வந்தவருக்கு "அங்கே நில்." அப்படிப்பட்ட சபைக்குப் போய் "கிருபை, கிருபை" என்று இன்னொரு பிரசங்கமா செய்வார்? இன்று நமக்கு எழுதினால் யாக்கோபு எதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். "இரட்சிக்கப்பட்ட தேதியை வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறீர்களே, வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு இந்த மாதம் ஓய்வு நாள் கொடுத்தீர்களா?" 2023 முதல் மாதத்தில் ஒரு நாளாவது கட்டாயம், காசு கொடுத்து அதை ஈடுகட்ட முடியாது. சட்டம் சொல்லித்தான் நாம் அதைச் செய்ய வேண்டுமா?

மெதடிஸ்டுகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்கள் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியை விட்டால் கோபிப்பீர்கள். ஆக்ஸ்போர்டில் உபவாசம் இருந்தார், சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார், 1735-இல் கப்பலேறி ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் போனார். மனதில் சமாதானம் மட்டும் இல்லை. 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டம். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கிறார்கள். அங்கே அவர் உள்ளம் அனல்கொண்டது. சரி, அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்துவிட்டாரா? 1774-இல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து எழுதினார். 1791-இல் சாவதற்கு ஒரு வாரம் முன்னால், அதை எதிர்த்துப் போராடிய பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸுக்குத் தைரியம் சொல்லிக் கடிதம் போட்டார். முன்பு செய்த வேலைதான். பயம் மட்டும் போய்விட்டது.

ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்திலிருந்து ஓஃபிர் ரோடு லூர்து மாதா கத்தோலிக்க ஆலயத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் "அவர்கள் கிரியையால் இரட்சிப்பு என்கிறவர்கள்" என்று இந்தப் பக்கத்தில் இன்னும் பேச்சு உண்டு. கத்தோலிக்கரின் திரெந்து சங்கமே 1547-இல், நீதிமானாக்கும் கிருபையை அதற்கு முந்திய எந்தக் கிரியையும் சம்பாதிக்காது என்று எழுதி வைத்திருக்கிறது. கிருபை பெற்ற பிறகு செய்யும் கிரியைகளுக்குப் பலன் உண்டா என்பதில்தான் சண்டை. அது இன்னும் முழுக்கத் தீரவில்லை. ஆனாலும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன்களும் கத்தோலிக்கரும் இதில் கூட்டு அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். 2006-இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கொடுக்கும் மேசைப் பக்கம் போய் நின்று பாருங்கள். சூட்டோடு சாம்பாரைப் பையில் ஊற்றி ரப்பர் பேண்டு போடுவார்கள். பொட்டலத்தைக் கொடுக்கும் நேரத்தில் ஒருவர் கைபேசியை நீட்டி, "தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்பார். லாரியில் வந்து இறங்கிய களைப்பில் அந்தத் தம்பியும் பல்லைக் காட்டுவார். அவருக்குப் பசி, நமக்குப் புண்ணியக் கணக்கில் ஒரு வரவு. என் இரட்சிப்பு அந்தப் பொட்டலத்தைப் பொறுத்தது என்றால், எனக்கு அவர் தேவை. அவர் பசி தீர்ந்துவிட்டால் எனக்கு நஷ்டம்! என் கணக்கை ஆண்டவர் ஏற்கெனவே முடித்துவிட்டார் என்றால்தான் எனக்கு அவர் முகம் தெரியும். சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்கத் தோன்றும். சம்பளம் நேரத்துக்கு வருகிறதா என்று விசாரிக்கத் தோன்றும்.

"மத்தேயு 25-இல் கிரியையைப் பார்த்துத்தானே நியாயத்தீர்ப்பு?" என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் வலது பக்கம் நிற்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? "ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" அவர்களிடம் கணக்குப் புத்தகமே இல்லை.

முன்வரிசையில் ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். "இயேசுவை அறியாத என் பக்கத்து வீட்டுக்காரர் என்னைவிட நல்லவர். அவர் கதி என்ன?" சபைகள் இதில் ஒரே பதில் சொல்வதில்லை. 1964-இல் கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தங்கள் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான இதயத்தோடு கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்படையலாம் என்றது. அங்கேயும் அவர்களை நடத்துவது கிருபைதான் என்று சேர்த்தே சொன்னது. புராட்டஸ்டண்டு சபைகள் பலவும் அவ்வளவு தூரம் போகத் தயங்கும். எனக்கு நம்பிக்கை உண்டு, தம்பி. தீர்ப்பு என் கையில் இல்லை என்பதில் நிம்மதியும் உண்டு. பின்வரிசையில் அந்த அம்மா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்கள், ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுங்கள்.